வழுக்காத பிடி

வாள்களின் வரலாற்றைக் கூறுவோர் அலகின் கூர்மையையும் உருக்கின் உறுதியையுமே பெரிதும் எடுத்துரைப்பர். அலகு எத்துணைக் கூரியதாயினும், வியர்த்த கையினின்றும் பிடி நழுவுமாயின் அவ்வாளால் ஆவது யாது? கோடரிக்கும் மண்வெட்டிக்கும் சம்மட்டிக்கும் இக்கேள்வி பொருந்தும். கையும் கருவியும் சந்திக்கும் அந்தச் சாண் அளவான இடத்தை மனிதன் எவ்வாறு திருத்திக்கொண்டான் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில், கை ஏன் களைக்கின்றது என்று பார்ப்போம். ஒரு பொருளை மற்றொன்றின்மீது எவ்வளவுக்கு அழுத்துகின்றோமோ அவ்வளவுக்கு உராய்வுத் தடையும் கூடும் என்று 1699 இல் பிரெஞ்சு அறிஞர் கியோம் அமொன்தொன் எடுத்துக் காட்டினார். ஆதலால் வழுவழுப்பான பிடியை நழுவவிடாது வைத்திருப்பதற்கு அதனை மேலும் இறுக்கிப் பிடிக்கவேண்டியுள்ளது. இடைவிடாது இறுகி நிற்கும் தசை, தன்னூடே செல்லும் குருதிக் குழாய்களைத் தானே நெருக்குகின்றது. குருதியோட்டம் குறையவே தசை விரைவிற் களைக்கின்றது. எனவே கையைக் களைக்கச் செய்வது கருவியின் பாரம் மட்டுமன்று. அது நழுவாதிருக்க நாம் கொடுக்கும் இறுக்கமுமாகும்.

இவ்வுண்மையை யப்பானிய வாட்பிடித் தொழிலாளர் கைப்பழக்கத்தால் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தனர். நாரா நகரிலுள்ள சோசோயின் கருவூலத்தில், 8 ஆம் நூற்றாண்டு முதல் பேணப்பட்டுவரும் பொருள்களிடையே, திருக்கைத் தோல் போர்த்த பிடியையுடைய வாள் உண்டு. திருக்கை மீன் நம் கடல்களிலும் வாழ்வதே. அதன் முதுகுத் தோலில் நெருங்கிக் கிடக்கும் மணிகள் பல்லை ஒத்த பொருளாலானவை, கடினமானவை, எளிதில் தேயாதவை.

யப்பானியர் மென்மையான மரத்தை இரு பாதியாகக் குடைந்து பொருத்திப் பிடியாக்கினர். அதன்மேல் திருக்கைத் தோலைப் போர்த்தனர். தோலின்மேல் பட்டு அல்லது பருத்தி நாடாவை மாறி மாறிக் குறுக்கிட்டுச் சுற்ற, இடையிடையே சாய்சதுர வடிவான சாளரங்கள் தோன்றின. இங்கே இரு பொருள்கள் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. தோலின் மணிகள் நாடாவை அசையவிடாது பற்றின. நாடா கையைப் பற்றியது. முடிச்சும் மடிப்புமாய் எழுந்து நின்ற நாடா விரல்களுக்கு இடங்கொடுத்ததுடன் வியர்வையையும் உறிஞ்சியது.

இத்தோலுக்காகவே பெரும் வாணிபம் நடைபெற்றது. 17 ஆம் நூற்றாண்டிற் சீயத்தின் அயுத்தியாவிலிருந்து மான்தோலோடு திருக்கைத் தோலும் கப்பல் கப்பலாக யப்பானுக்குச் சென்றது. 1635 இல் யப்பானியர் கடல் கடந்து செல்லல் ஆகாதெனத் தடை செய்யப்பட்ட பின்னர், சீனரும் ஒல்லாந்தருமே அவ்வாணிபத்தை நடத்தினர். 1641 முதல் நாகசாகித் துறையிலுள்ள தெசிமா என்னும் சிறு தீவே ஒல்லாந்தரின் பண்டகசாலையாயிற்று. ஒரு வீரனின் கை வழுக்காதிருப்பதற்கு, வேற்று நாட்டுக் கடலொன்றில் வலை வீசிய மீனவனின் உழைப்பும் வேண்டியிருந்தது.

1876 மார்ச்சு மாதத்தில் யப்பானிய அரசு பொதுமக்கள் வாள் தரித்துச் செல்வதைத் தடை செய்தது. வாட்பிடித் தொழில் நலிந்தது. அதே ஆண்டிற்றான், பிடிகளின் வரலாற்றை மாற்றவிருந்த வேறொரு பொருள் நம் நாட்டில் வந்திறங்கியது. ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுசென்ற இறப்பர் வித்துக்களினின்றும் முளைத்த கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. கீழைத்தேய இறப்பர்த் தோட்டங்களின் வரலாறு பெரிதும் அக்கன்றுகளோடு தொடங்குகின்றது.

பச்சை இறப்பர் வெப்பத்தில் இளகி ஒட்டும். குளிரில் இறுகி வெடிக்கும். 1839 இல் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர் அதனைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி இக்குறையை நீக்கும் வழியைக் கண்டார். அவ்வாறு பதப்படுத்திய இறப்பர், அழுத்தும்போது நெகிழ்ந்து, தொடும் பொருளின் சிறு மேடுபள்ளங்களிற் படிந்துகொள்ளும். அதனாலேயே உராய்வு மிகும். கிறிக்கெற் மட்டையின் பிரம்புப் பிடிமேல் மாட்டப்படும் இறப்பர் உறையை உற்று நோக்குங்கள். சிலவற்றிற் சின்னஞ்சிறு புள்ளிகள் எழுந்து நிற்கும். திருக்கைத் தோல் செய்த பணியை இங்கே மரப்பால் செய்கின்றது.

கைவினைஞர் அறிந்திருந்ததை ஆய்வுகூடம் பின்னரே அளந்து பார்த்தது. 1984 இற் சுவீடனின் உமேயோ நகரத்து ஆய்வாளரான யோகான்சனும் வெஸ்லிங்கும், பட்டு, மெருகிடாத மென்தோல், மணற்கடதாசி ஆகியவற்றாற் போர்த்திய பொருள்களை இரு விரல்களால் தூக்கச் செய்தனர். பாரம் ஒன்றாயிருந்தபோதும், வழுக்கும் பட்டினை விரல்கள் மிகுதியாக இறுக்கின. சொரசொரப்பான கடதாசியைக் குறைவாகவே இறுக்கின. தூக்குபவர் எண்ணிப் பாராமலே, நழுவாதிருக்கத் தேவையானதிலும் சிறிது கூடுதலான இறுக்கத்தை விரல்கள் தாமே அளந்து கொடுத்தன.

எனினும் சொரசொரப்பு மட்டும் போதாது. அளவு மிஞ்சினால் அதுவே உள்ளங்கையைக் கொப்புளிக்கச் செய்யும். யப்பானியர் திருக்கைத் தோலின்மேல் நாடாவைச் சுற்றியதில் இந்த அளவறிவும் அடங்கியிருக்கின்றது.

கருவி வாங்கச் செல்வோர் விரலால் அலகைத் தடவிப் பார்ப்பர். அதனைக் கொண்டு உழைப்பவனோ பகல் முழுதும் பிடியோடு வாழ்கின்றான். அவனுக்குக் கூடுதலான வலிமையைக் கொடுத்தல் நம்மால் இயலாது. அவனிடமுள்ள வலிமை வீணாகாதிருக்கச் செய்தல் இயலும். வாங்குமுன் பிடியையும் ஒருமுறை பற்றிப் பார்த்தல் அதற்கு முதற்படியாகும்.