வைகறை வானொலியும் வால்ட்டர் காஃப்மனும்

மகாளய அமாவாசையின் வைகறை, கொல்கத்தா வாழ் தமிழர்க்கும் வங்கத்து அண்டை வீட்டார்க்கும் பொதுவான ஒரு பொழுது. கங்கைத் துறைகளில் அவர்கள் தம் முன்னோர்க்கு நீர்க்கடன் ஆற்ற இறங்கும் அதே நாளில்தான் நம் வீடுகளிலும் எள்ளும் தருப்பையும் எடுத்து வைக்கப்படுகின்றன. வானொலிப் பெட்டி கோலோச்சிய காலத்தில், லேக் மார்க்கெட்டுப் பகுதித் தெருக்களில் அன்று நான்கு மணிக்கே ஒவ்வொரு வீட்டிலும் விளக்கெரியும். வீரேந்திர கிருஷ்ண பத்ராவின் குரலில் 'மகிஷாசுரமர்த்தினி' தொடங்கும், தெருவே கேட்கும். அக்குரல் எழுவதற்கு முன், நிலையம் விழித்துக்கொண்டதற்கு அடையாளமாக, தம்பூராவின் சுருதி மீது ஒரு வயலின் மெல்ல ஏறி இறங்கும். சில நொடிகளே நீளும் அந்த முகப்பிசையை நாம் ஆயிரம் முறை கேட்டிருப்போம். கோடை விடுமுறைக்கு மெயில் வண்டியில் இரண்டு இரவு கழித்துத் திருச்சியில் இறங்கினால், பாட்டன் வீட்டுத் திண்ணையிலும் விடியலில் அதே வயலின்தான். ஊர் மாறியது, மொழி மாறியது. அது மட்டும் மாறவில்லை.

அதனை ஆக்கியவர் இந்தியர் அல்லர் என்பதை நம்மில் பலர் மிகப் பிந்தியே அறிந்தோம். சிவரஞ்சனியின் சாயல் கொண்ட அவ்விசையை 1930களின் நடுவில் அமைத்தவர் வால்ட்டர் காஃப்மன் என்னும் ஜெர்மன் மொழி பேசும் யூத இசைவாணர் என்பதே பெரும்பாலோர் ஏற்கும் செய்தி. வேறு பெயர்களைச் சொல்வாரும் உளர். வயலின் வாசித்தவர் மெஹ்லி மேத்தா, அதாவது ஜூபின் மேத்தாவின் தந்தை, என்றும் சொல்லப்படுகிறது.

காஃப்மன் 1907ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் பொகீமியாவிலுள்ள கார்ல்ஸ்பாட் நகரில் பிறந்தார். பிறந்தபோது அது ஆஸ்திரியப் பேரரசின் ஊர். அவர் பள்ளிச் சிறுவனாய் இருக்கையிலேயே செக்கோஸ்லோவாக்கியா ஆகிவிட்டது. எனினும் அவர் கற்ற இசை முற்றும் ஜெர்மானிய மரபினது. பெர்லினில் பிரான்ஸ் ஷ்ரேக்கரிடம் இசையாக்கமும் கர்ட் சாக்ஸிடம் இசையியலும் பயின்றார். பின்னர்ப் பிராகாவின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் மாலரின் சிம்பொனிகளைப் பற்றி ஆய்வேடு எழுதினார். ஆனால் பட்டத்தை அவர் பெற்றுக்கொள்ளவில்லை. தம் பேராசிரியர் நாஜி இளைஞர் அமைப்பொன்றின் தலைவர் என்று தெரிந்ததும், அவர் கையால் வரும் பட்டம் வேண்டாவென்று மறுத்துவிட்டார். இருபது வயதுகளில் இருக்கும் ஓர் ஏழைக் கலைஞன் பல்லாண்டு உழைப்பின் பயனைத் தூக்கி எறிவது எளிதன்று.

அந்தப் பிராகா நகருக்கும் நம் கொல்கத்தாவுக்கும் முன்பே ஓர் இசைத் தொடர்பு இருந்தது. 1921இலும் 1926இலும் தாகூர் அங்கே சென்றிருக்கிறார். அவருடைய 'தோட்டக்காரன்' நூலின் ஜெர்மன் பெயர்ப்பிலிருந்து ஏழு பாடல்களை எடுத்து, இரு பாடகரும் பெரிய வாத்தியக் குழுவும் இசைக்கும் 'லிரிக் சிம்பொனி'யை அலெக்சாண்டர் செம்லின்ஸ்கி ஆக்கினார். அது 1924 சூனில் பிராகாவிலேயே அரங்கேறிற்று. செம்லின்ஸ்கியும் யூத வழியினரே. 1938இல் ஐரோப்பாவை விட்டு ஓடி, நான்கு ஆண்டுகளில் அமெரிக்காவில் ஏறத்தாழ எல்லாராலும் மறக்கப்பட்டு இறந்தார். ஜோராசங்கோவில் பிறந்த சொல் பிராகா போய்ச் சிம்பொனியாயிற்று என்றால், பிராகாவிலிருந்து புறப்பட்ட ஒருவர் இந்திய வானொலியின் வைகறைக்கு இசை தந்ததில் வியப்பொன்றுமில்லை.

1934இல் காஃப்மன் பம்பாய் வந்து சேர்ந்தார். ஜெர்மனியில் பழக்கமாகியிருந்த திரைப்பட இயக்குநர் மோகன் பவ்னானியின் நட்பு துணையாக இருந்தது. பின்னாளில் அவர் படங்களுக்கு இசையும் அமைத்தார். ஹிட்லரின் நிழலுக்கு அஞ்சி வந்த ஏதிலி என்று மட்டும் இவரைச் சொல்லிவிட்டால் பாதி உண்மையே சொன்னவராவோம். மற்றப் பாதியை அவரே பிற்காலத்துக் கடிதமொன்றில் எழுதியிருக்கிறார். இந்திய இசைத் தட்டுகளை முதன்முதல் கேட்டபோது அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, பிடிக்கவும் இல்லை. ஆனால் அறிவும் உள்ளமும் உள்ள மக்கள் ஆக்கிய இசை இது, கோடிப் பேர் இதனை விரும்பிக் கேட்கிறார்கள், ஆகவே குறை தம் செவியில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். அக்குறையைப் போக்கிக்கொள்ளவே அவ்விசை பிறந்த நாட்டிற்குப் புறப்பட்டார். அந்நாளில் ஐரோப்பியர் பலர் நம் இசையைக் கேட்டு முகஞ்சுளித்து எழுதிய குறிப்புகளோடு இதனை ஒப்பிட்டால் அருமை விளங்கும். நாமுந்தான் என்ன? இந்நகருக்கு வந்த புதிதில் கீர்த்தனமும் பாவுலும் நம் செவிக்கு ஏறவில்லை என்றபோது, குறை நம்முடையது என்று எத்தனை பேர் எண்ணினோம்?

பம்பாயில் அவர் தொடங்கிய சேம்பர் இசைச் சங்கம் வியாழன்தோறும் கூடிற்று. காஃப்மன் பியானோவில் அமர, மெஹ்லி மேத்தா வயலினும், இத்தாலியரான எடிஜியோ வெர்கா செல்லோவும் வாசித்தனர். 1937 முதல் 1946 வரை பம்பாய் வானொலியின் ஐரோப்பிய இசைப் பிரிவுக்குப் பொறுப்பாளராய் இருந்தார். 'அனசூயா' என்னும் வானொலி இசை நாடகத்தை 1938இல் ஒலிபரப்பினார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் ஊர் ஊராய்ச் சென்று நாட்டு மக்களின் பாடல்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அதே காலத்தில் தில்லி நிலையத்தின் மேலையிசைப் பிரிவுக்குத் தலைவராய் இருந்தவர் ஜான் ஃபோல்ட்ஸ் என்னும் ஆங்கிலேய இசையமைப்பாளர். இந்திய வாத்தியங்களை மேலைநாட்டு முறையில் ஒருங்கிசைக்கும் குழுவொன்றை அமைத்தவர். கமகத்தையும் நுண்சுருதியையும் ஏற்காத ஹார்மோனியத்தை வன்மையாக எதிர்த்து எழுதியவரும் அவரே. தாகூருக்கும் அப்பெட்டி ஆகாது. 1940 மார்ச்சில் அது வானொலியிலிருந்து விலக்கப்பட்டபோது அதைக் காண ஃபோல்ட்ஸ் உயிரோடில்லை. 1939இல் கல்கத்தா நிலையத்துக்கு மாற்றப்பட்டு இங்கு வந்தவர், வந்த சில நாளிலேயே வாந்திபேதி கண்டு ஏப்பிரல் திங்களில் இந்நகரிலேயே மறைந்தார். கார்ஸ்டின் பிளேசில் இருந்த பழைய நிலையத்தைப் பற்றி வங்காளிகள் எத்தனையோ பேய்க்கதைகள் சொல்வர்; இவர் பெயரைச் சொல்லக் கேட்டதில்லை.

முகப்பிசைக்கு மீள்வோம். சிவரஞ்சனி ஐந்து சுரங்களே உடையது. மத்திமமும் நிஷாதமும் இல்லை. மேலைநாட்டில் பயின்றவர் கை எதனை முதலில் தேடும்? பல சுரங்களை ஒருங்கே அடுக்கும் இசைவை, அவர்கள் 'ஹார்மனி' என்பதை. காஃப்மன் இங்கே அந்த அடுக்கைப் பெரிதும் அடக்கி வாசித்தார். கீழே தம்பூரா ஆதார சுருதியை மட்டும் மீட்டுகிறது. மேலே ஒற்றை வயலின் பாடுகிறது. வயலினும் வந்தேறியே அன்றோ? சென்னைக் கோட்டையின் ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் பாலுசாமி தீட்சிதர் அதைக் கற்று நம் கச்சேரிக்குக் கொண்டுவந்து நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அவருடைய தமையனார் முத்துசாமி தீட்சிதர் அந்த ஐரோப்பிய மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் புனைந்தார். இன்றும் குழந்தைகள் அவற்றை நோட்டுஸ்வரம் என்று பாடுகின்றனர். தீட்சிதர் சகோதரர் ஒரு திசையில் நடந்த வழியில் காஃப்மன் எதிர்த்திசையில் நடந்து வந்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

அவர் இங்கே நிலைக்கவில்லை. போர்க்காலம் முழுதும் ஐரோப்பாவிலிருந்து வந்த செய்திகள் கொடியனவாகவே இருந்தன. அவர் மணந்த கெர்ட்டி, எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்காவின் தங்கை எல்லியின் மகள். எல்லியும் அவருடைய தங்கையர் இருவரும் நாஜிகளால் கொல்லப்பட்டனர். நம் வீடுகளைத் துயிலெழுப்பிய அந்த இசை நாள்தோறும் ஒலித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் இது நடந்தது. திரும்பிச் செல்ல ஊர் இல்லை. 1946இல் இங்கிலாந்து சென்றார்; அடுத்த ஆண்டு கனடாவின் ஹாலிஃபாக்ஸில் இசையாசிரியரானார்; 1948இல் வின்னிபெக் சிம்பொனிக் குழுவின் முதல் நடத்துநராகி அங்கே ஏறத்தாழப் பத்தாண்டு பணியாற்றினார். அமெரிக்காவின் பாஸ்டன் பாப்ஸ் குழு 1948இல் அவருடைய சிறு படைப்பொன்றை வாசித்தது. அதன் பெயர் 'மெட்ராஸ் எக்ஸ்பிரஸ்'. ஹௌரா நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு காத்திருந்து பழகிய நமக்கு அப்பெயரே ஒரு புன்முறுவலைத் தரும்.

1957இல் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பம்பாய் நாட்களில் தொடங்கிய படிப்பு அங்கேதான் நூல்களாயிற்று. வடநாட்டு இராகங்களைப் பற்றிய நூல் 1968இலும், தென்னாட்டு இராகங்களைப் பற்றிய பெருநூல் 1976இலும் வெளிவந்தன. பின்னது, தஞ்சையில் வேங்கடமகி வகுத்த எழுபத்திரண்டு மேளங்களின் வழியே நம் இராகங்களை ஒவ்வொன்றாய் நிரல்படுத்துகிறது. கச்சேரி கேட்டுச் செவி பழகியவர்க்கு அது சற்றே வறண்ட நூல்தான். ஆரோகண அவரோகணம் இருக்கிறது; தோடியைத் தோடியாக்கும் பிடியும் கமகமும் ஏட்டில் எப்படி அடங்கும்? அதனை அவரும் அறிந்திருந்தார். இராக இலக்கணம் என்று பெயரிடாமல், சுர அளவைகளின் பட்டியல் என்றே நூலுக்குத் துணைத் தலைப்பு இட்டார். தம் எல்லையை இப்படி அட்டையிலேயே அறிவித்த ஆசிரியர் மீது நமக்கு மதிப்பு கூடுகிறது.

இசையமைப்பாளர் என்ற முறையில் அவருக்குக் கிடைக்க வேண்டிய இடம் வாழ்நாளில் கிடைக்கவில்லை. சிம்பொனிகளும் இசை நாடகங்களும் நால்வர் இசைகளுமாய் எழுதிக் குவித்தவற்றில் பெரும்பகுதி கையெழுத்துப் படியாகவே கிடந்தது. 1984 செப்டம்பரில் புளூமிங்டன் நகரில் மறைந்தார். முப்பத்தாறு ஆண்டு கழித்து, 2020இல், நாடு கடத்தப்பட்ட இசைவாணர்களின் படைப்புகளைத் தேடி வாசிக்கும் டொரோண்டோவின் ஏ.ஆர்.சி. குழுவினர் அவருடைய நால்வர் இசைகளையும் வயலின் சொனாட்டாக்களையும் பதிவுசெய்து வெளியிட்டனர். பம்பாயில் வியாழக்கிழமை மாலைகளில் ஒரு சிறு கூட்டத்துக்காக எழுதப்பட்டவை அவற்றுள் உண்டு. அவற்றைக் கேட்கையில், ஜெர்மானியப் பயிற்சியின் கட்டுக்கோப்புக்கு நடுவே, திடீரென்று அடுக்குகள் எல்லாம் விலக, ஒற்றை வயலின் தனித்து எழுந்து பாடும் இடங்கள் வருகின்றன. மகாளய வைகறையில் விழித்துப் பழகிய செவிக்கு அந்தக் குரல் அயலாகத் தோன்றவில்லை.