சுவர் ஓவியத்தை எதைக் கொண்டு அளப்பது?

நம் குடியிருப்பின் சுற்றுச்சுவரில் ஓவியம் வரையலாமா என்ற பேச்சு எழுந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு "நம்ம இடம்" என்ற பிடிப்பு வரும் என்கிறார்கள் சிலர். மெயின்டனன்ஸ் பணம் வீண் என்கிறார்கள் வேறு சிலர். முடிவெடுக்கும் முன், நம் நகரத்தில் ஏற்கெனவே நடந்ததைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

2010 வாக்கில் சென்னை மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் தமிழர் பண்பாட்டுக் காட்சிகளை வரையச் செய்தது. ஃபிளெக்ஸ் வந்தபின் தொழில் நலிந்திருந்த சினிமா பேனர் ஓவியர்களுக்கு அது கைகொடுத்தது. போஸ்டர் ஒட்டுவதைத் தடுப்பதே நோக்கம். அதனால் பலனை அறிவதும் எளிது. ஓவியத்தின் மேல் போஸ்டர் இருக்கிறதா, இல்லையா என்று பார்த்தால் போதும்.

கண்ணகி நகர் கதை வேறு. நம் பக்கத்திலிருந்து ரேடியல் ரோட்டில் போனால், ஓ.எம்.ஆர். தாண்டி துரைப்பாக்கத்தில் இருக்கிறது. 2000 முதல், நகரின் ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்த குடும்பங்களை அங்கே குடியேற்றினார்கள். குடிசை மாற்று வாரியம் கட்டிய வீடுகள் 15,656. பிழைப்பு பழைய இடத்தில், வீடு மட்டும் இங்கே. குற்றச் செய்திகளிலேயே ஊர்ப்பெயர் அடிபட்டதால், வேலை தேடிப் போன இளைஞர்கள் முகவரி சொல்லவே தயங்கினார்கள்.

2020-ல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, ஏஷியன் பெயின்ட்ஸ், மாநகராட்சி மூன்றும் சேர்ந்து அங்கே அடுக்குமாடிகளின் சுவர்களில் பெரிய ஓவியங்களை வரையச் செய்தன. படம் எடுக்க வெளியாட்கள் வந்தார்கள். ஆனால் வந்தவர்களின் எண்ணிக்கை, அங்கே வளரும் பிள்ளைகளின் மனதைக் காட்டாதே!

அதை அறிய ஒரு வழியைக் காட்டியவர் அமெரிக்க நகரமைப்பு அறிஞர் கெவின் லிஞ்ச். 1970-களில் யுனெஸ்கோ ஆதரவுடன் அவர் நடத்திய ஆய்வில், பல நாட்டுப் பிள்ளைகளிடம் தங்கள் பகுதியை வரைபடமாக வரையச் சொன்னார்கள். பிடித்த இடம், பயப்படும் இடம் எது என்று கேட்டார்கள். 1990-களில் அந்த ஆய்வு மீண்டும் நடந்தபோது பெங்களூரின் சத்யநகரும் அதில் இடம்பெற்றது. அடிப்படை வசதிகள் குறைந்த அந்தப் பகுதியின் பிள்ளைகள், தங்கள் இடம் பிடிக்கும் என்றே சொன்னார்கள். நண்பர்கள், விளையாட்டு, திருவிழா ஆகியவைதான் காரணம். பெரியவர்கள் ஊகிப்பதும் பிள்ளைகள் உணர்வதும் ஒன்றல்ல.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அணியில் இருந்தவர் "கண்ணகி நகர் கார்த்திகா". ஊர்ப்பெயர் அவர் பெயரோடு சேர்ந்தே தமிழ்நாடெங்கும் ஒலித்தது. இன்று அங்கே ஓர் இளைஞர் தலைநிமிர்ந்து முகவரி சொன்னால், அது ஓவியத்தாலா, கபடியாலா? ஓவியத்துக்கு முன்பும் பின்பும் கேட்டுப் பதிவு செய்திருந்தால்தான் ஓரளவாவது பிரித்துச் சொல்ல முடியும்.

எனவே என் யோசனை இது. பெயின்ட் வாங்குமுன், நம் 10 முதல் 18 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு தாள் கொடுப்போம். வீட்டிலிருந்து பள்ளிக்கோ ஸ்டேஷனுக்கோ போகும் வழியை வரையட்டும். "எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால் தாம்பரம் என்பார்களா, சென்னை என்பார்களா என்றும் எழுதட்டும். சுவரில் என்ன வரையலாம் என்பதையும் அவர்களே சொல்லட்டும். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கோடரியும், 1931-ல் தாம்பரத்துக்கு ஓடத் தொடங்கிய மின்சார ரயிலும் நம் பகுதியின் கதைகள்தானே? ஓராண்டு கழித்து அதே கேள்விகளைத் திரும்பக் கேட்போம். ஓவியம் இல்லாத பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகளிடமும் கேட்டால் ஒப்பிட வசதி.

செலவு சில தாள்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்தான். அந்த வரைபடங்களில் நம் சுவரே இல்லையென்றால், பணத்தை விளையாட்டிடத்துக்குத் திருப்பலாம். அடுத்த பொதுக்குழுவில் பேசி முடிவெடுப்போம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.