சமுதாய ஆராய்ச்சியும் கூறெடுக்கும் முறையும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். எல்லா வீட்டையும் எண்ணாது, சில வீடுகளைக் கண்டு முழுமையை அறியும் கூறெடுத்தல் முறைக்கு இப்பழமொழியே கருவாகும். ஆயினும் பானையில் எல்லா அரிசிக்கும் நீரும் நெருப்பும் ஒன்றே. ஊரும் சேரியுமாய்ப் பிரிந்து கிடக்கும் நாட்டில் எந்தச் சோற்றை எடுத்துப் பதம் பார்ப்பது?

1916ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களிடம் வினாப்பட்டியல் தந்து அவர்தம் ஊர்களை ஆராயச் செய்தார். அதன் பயனாக 1918இல் ஒரு நூல் வெளிவந்தது. இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலாபுரம் ஆகிய ஐந்து ஊர்கள் 1936-37இல் மீண்டும் ஆராயப்பட்டன. அரும்பணியே எனினும், ஊரைத் தெரிந்தெடுத்தது மாணவரின் பிறப்பிடமே. கல்லூரி வாயில் நம்மவர்க்குப் பெரும்பாலும் அடைபட்டிருந்த காலம் அது. சேரி மக்கள் வினவப்பட்டோராய் இருந்திருக்கலாம். வினவியோராய் இருத்தல் அரிது.

இக்குறையை நீக்க வந்ததே சமவாய்ப்புக் கூறெடுத்தல். 1912இல் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் பௌலி என்னும் அறிஞர், ஏறத்தாழ இருபது வீட்டுக்கு ஒரு வீடாக எடுத்துத் தொழிலாளர் வாழ்வை ஆராய்ந்தார். இங்கே மகலனோபிஸ் 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவி, வங்காளத்துச் சணல் நிலங்களை இம்முறையால் அளந்தார். 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வின் முதற்சுற்று 1,833 கிராமங்களைக் கண்டது. வாய்ப்பு முறையில் வீட்டைத் தெரிவது எண்ணேயன்றி, எண்ணுவோரின் விருப்பம் அன்று. பண்ணையார் மாளிகைக்கும் சேரிக் குடிசைக்கும் அங்கே வாய்ப்பு ஒன்றே.

எனினும் குலுக்கல் மட்டும் போதாது என்பதை ஏற்காடு உணர்த்தும். சேலம் மாவட்டம் முழுவதையும் ஒரே குவியலாக்கிக் குலுக்கினால், எடுத்த ஊர்கள் அனைத்தும் சமவெளியிலேயே அமைந்துவிடக்கூடும். சேர்வராயன் மலை விடுபட்டுப்போம். ஆதலின் மலையைத் தனிப் படுகையாகப் பிரித்தல் வேண்டும். மலைக்குள்ளும் பிரிவுகள் உண்டு. மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்கள் ஒருபுறம். 1820களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் புகுந்த காப்பிப் பயிர் வளர்த்த தோட்டங்களின் லைன் வீடுகள் மறுபுறம். தோட்ட முதலாளியையும் கூலியாளையும் கூட்டிச் சராசரி கண்டால், அச்சராசரி இருவரில் எவரையும் காட்டாது. இவ்வாறு பிரித்தெடுப்பதே படுகைமுறைக் கூறெடுத்தலாகும்.

காலமும் கருதத்தக்கது. பழம் பறிக்கும் பருவத்துக் கூலியைக் கொண்டு ஆண்டு முழுவதையும் கணித்தல் பிழையாம். பட்டியலில் ஏறாத குடிசைக்குக் குலுக்கலிலும் இடமில்லை. பகலில் வேலைக்குச் சென்றவர் வீடு பூட்டிக் கிடக்குமாயின், அடுத்த வீட்டைக் குறித்துக்கொள்ளாது மாலையில் மீண்டும் வருதலே முறை. ஏனெனில் பகலில் திறந்திருப்பது பெரும்பாலும் உழைக்கத் தேவையற்றவர் வீடே.

திட்டங்களும் நிதிப் பங்கீடும் புள்ளிவிவரத்தின் மேல் எழுகின்றன. எண்ணப்படாத துயருக்கு ஏட்டில் இடமில்லை. ஆகவே நம் பிள்ளைகள் எந்த ஆய்வறிக்கையைக் கண்டாலும் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும்: எந்த வீடுகள்? எவ்வாறு தெரிந்தெடுத்தீர்? வினவியவர் யார்? கல்வி பெற்ற நம் மக்களே பட்டியலேந்தி மலையேறும் நாளில், அம்மூன்றாம் வினாவுக்கு விடை நாமாவோம்.