இளைஞர் விடுதி இயக்கம்: ஒரு வரலாற்று நோக்கு

ஐரோப்பியக் கைத்தொழில் வளர்ச்சியின் சமூக விளைவுகளை ஆராய்வோர், தொழிற்சாலைக்கும் தொழிற்சங்கத்துக்கும் வாக்குரிமைக்கும் அளிக்கும் இடத்தைத் தொழிலாளர் பிள்ளைகளின் ஓய்வுக்கும் பயணத்துக்கும் அளிப்பதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியில் தோன்றிய இளைஞர் விடுதி இயக்கம் அவ்வாறு கவனிக்கப்படாது விடப்பட்டவற்றுள் ஒன்றாகும். மலிவான படுக்கை பற்றிய சிறிய விடயமாகவே இது முதலில் தோன்றும். எனினும் ஒரு நாட்டைக் கண்டறியும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது, அவ்வாய்ப்பை வழங்கும் நிறுவனம் யாருடைய கையில் இருக்கிறது என்னும் இரு வினாக்களை இவ்வியக்கத்தின் வரலாறு எழுப்புகின்றது.

இயக்கத்தின் தந்தை எனப்படும் ரிச்சார்ட் சிர்மான் 1874 ஆம் ஆண்டில் கிழக்குப் பிரஷ்யாவிற் பிறந்தவர். ஆரம்பப் பாடசாலை ஆசிரியர். ரூர் பிரதேசத்தின் நிலக்கரி நகரான கெல்சன்கேர்ச்செனிற் கற்பித்த பின்னர், 1903 இல் கம்பித் தொழிலுக்குப் பெயர்பெற்ற அல்டெனாவுக்குச் சென்றார். புகை படிந்த நகரத்துப் பிள்ளைகளுக்குக் காட்டையும் ஆற்றையும் வகுப்பறைச் சுவரிலுள்ள படங்களைக் கொண்டு கற்பிப்பதில் அவருக்கு நம்பிக்கை இருக்கவில்லை. ஆகவே மாணாக்கரை வெளியே அழைத்துச் சென்று, நடந்துகொண்டே புவியியலும் இயற்கையும் கற்பித்தார்.

நடைப்பயணம் அக்கால ஜேர்மனிக்குப் புதியதன்று. பேர்லினை அடுத்த ஸ்டெக்லிற்சில் 1901 இல் அமைப்பு வடிவம் பெற்ற ‘வான்டர்ஃபோகல்’ இயக்கத்தினர் ஏற்கெனவே காடுமேடெல்லாம் திரிந்தனர். ஆனால் அவர்களிற் பெரும்பாலோர் உயர்தரப் பாடசாலைகளிற் பயின்ற மத்திய வகுப்பு இளைஞர்கள். பதினான்கு வயதளவிற் படிப்பை முடித்து வேலைக்குச் செல்ல வேண்டிய தொழிலாளியின் மகனுக்கு அத்தகைய உலாவலுக்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை. வான்டர்ஃபோகல் பற்றி நூல்கள் பல எழுந்துள்ளமையும், சிர்மானின் மாணாக்கர் பற்றி அவ்வளவாக எழுதப்படாமையும் தற்செயலானவை என நான் கருதவில்லை. நாட்குறிப்பு எழுதும் வர்க்கமே வரலாற்றில் எளிதாக இடம்பெறுகின்றது.

1909 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் சிர்மான் தம் மாணாக்கருடன் பல நாள் நடைப்பயணமொன்றை மேற்கொண்டார். வழியில் ப்ரோல் பள்ளத்தாக்கிற் கடும் புயல் மழை அவர்களை மறித்தது. தங்க இடம் தேடியலைந்து, ஈற்றில் கிராமப் பாடசாலையொன்றில் வைக்கோலைப் பரப்பிப் படுத்தனர். அன்றிரவு உறக்கமின்றி இருந்த ஆசிரியரின் மனத்தில் எழுந்த எண்ணம் மிக எளிமையானது: விடுமுறைக் காலத்தில் நாடெங்கும் பாடசாலைகள் வெறுமையாகக் கிடக்கின்றன, ஒரு நாள் நடைத் தூரத்துக்கு ஒன்றாக அவற்றைத் திறந்துவிட்டால் என்ன?

இவ்வெண்ணத்தின் பொருளாதார அடிப்படை நோக்கற்பாலது. நடப்பதற்குச் செலவில்லை. உணவு வீட்டிலிருந்தாலும் வேண்டும், வழியிலும் வேண்டும். குழுப் பயணத்தைத் தடுப்பது இராத் தங்கலுக்கான செலவே. சத்திரக்காரன் தலைக்கு இவ்வளவு எனக் கேட்கும் தொகை ஒருவருக்குச் சிறிதாயினும் ஒரு வகுப்பு முழுவதற்கும் பெருகும்போது ஆசிரியரின் திட்டமே சரிந்துவிடும். சிர்மான் புதிதாக எதனையும் கட்டுமாறு கேட்கவில்லை. பொதுமக்களின் வரிப்பணத்தில் ஏற்கெனவே எழுப்பப்பட்டு, சில வாரங்கள் பயனின்றிக் கிடந்த கட்டடங்களையே கேட்டார். மேசைகளை ஒதுக்கினால் இடமுண்டு; வைக்கோல் மெத்தை போட்டாற் படுக்கையுண்டு. 1910 இல் அவர் இதனைக் கட்டுரையாக வெளியிட்டபோது ஆதரவு திரண்டது.

முதலாம் உலகப் போருக்குச் சற்று முன்னர் அல்டெனாவின் பழைய கோட்டையில் நிரந்தர விடுதியொன்று அமைந்தது. அடுக்குக் கட்டில்கள், சமையற்கட்டு, குளிப்பறை ஆகியனவே அதன் வசதிகள். ஒருகாலத்திற் பிரபுக்களுக்குரியதாயிருந்த கோட்டையிற் கம்பித் தொழிலாளரின் பிள்ளைகள் படுத்துறங்கினர் என்பது எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. போருக்குப் பின் 1919 இல் நாடளாவிய சங்கம் உருவாயிற்று. சிர்மான் கனவு கண்டவர் எனில், கணக்குப் பார்த்து அமைப்பை நடத்தியவர் வில்ஹெல்ம் மூங்கர். 1930களின் தொடக்கத்தில் ஜேர்மனியில் 2000க்கு மேற்பட்ட விடுதிகள் இருந்தன. ஆண்டொன்றில் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட இராத் தங்கல்கள் பதிவாயின.

எண்ணம் எல்லை கடந்தது. பிரித்தானியாவில் 1930 இற் சங்கம் தோன்றியது, வரலாற்றறிஞர் ஜீ. எம். ட்ரெவெல்யன் அதன் முதற் தலைவர். ஓர் இரவுக்குக் கட்டணம் ஒரு ஷிலிங். விருந்தினரே கூட்டவும் கழுவவும் வேண்டும். மோட்டார் வண்டியில் வருவோர்க்கு இடமில்லை. இவ்விதிகள் செலவைக் குறைத்ததோடு, பணம் படைத்தவன் வந்து மலிவு விலையில் இடம்பிடிப்பதையும் தடுத்தன. ஆயினும் படுக்கை கிடைத்ததனால் நிலம் திறந்துவிடவில்லை. 1932 இற் கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலத்தில் அத்துமீறி நடந்தோருட் சிலர் சிறை சென்றமை இங்கு நினைவுகூரத்தக்கது. அதே ஆண்டு ஒக்டோபரில், அம்ஸ்ரடாமிற் பல நாட்டுச் சங்கங்கள் கூடிச் சர்வதேச அமைப்பை நிறுவிச் சிர்மானைத் தலைவராக்கின.

சில மாதங்களில் நிலைமை தலைகீழாயிற்று. 1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜேர்மனியச் சங்கம் ஹிட்லர் இளைஞர் அமைப்பின் ஆளுகைக்குட் கொண்டுவரப்பட்டது. விடுதிகள் மூடப்படவில்லை, இளைஞர்கள் தொடர்ந்து கூட்டமாக வந்தனர், நடந்தனர், பாடினர். ஆனால் சமதர்ம இளைஞர் சங்கங்கள் தடைசெய்யப்பட்டன. யூத இளைஞருக்குக் கதவு அடைக்கப்பட்டது. 1936 இற் சிர்மான் சர்வதேசத் தலைமையிலிருந்தும் விலக நேர்ந்தது.

இதனை வெளியிலிருந்து வந்த விபத்தாக மட்டும் கொள்வது போதாது. இயக்கம் தன்னை அரசியலுக்கு அப்பாற்பட்டதெனக் கூறி வந்தது. சகல தரப்பினரையும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்ப்பதற்கு அந்நடுநிலை பயன்பட்டதென்பதும் உண்மை. ஆனால் கட்டடங்களிற் பல உள்ளூராட்சி மன்றங்களினுடையவை. நிதியிற் கணிசமான பகுதி பொது நிதி. அரசு மாறியபோது எதிர்த்து நிற்பதற்கு விடுதிகளிடம் சொந்தப் பலம் இருக்கவில்லை. கூட்டு வாழ்வு, எளிமை, நேரந் தவறாமை, நீண்ட நடை ஆகிய பண்புகளோ அணிவகுப்புக்கும் அப்படியே பொருந்தின. பிரித்தானியச் சங்கம் தப்பியது அதன் அமைப்புச் சிறப்பினால் எனச் சிலர் வாதிக்கலாம். அங்கு அத்தகைய ஆட்சி ஏற்படாததால் அவ்வாதம் சோதனைக்குட்படவில்லை.

போர் முடிந்து ஜேர்மனியச் சங்கம் 1949 இல் அல்டெனாவில் மீள நிறுவப்பட்டது. முதியவரான சிர்மானும் அப்பணியில் ஈடுபட்டு, 1961 இற் காலமானார். கோட்டையின் பழைய விடுதியறைகள் மரக் கட்டில்களோடு நூதனசாலையாகப் பேணப்படுகின்றன. பயணிகள் தங்குவதற்கு அங்கேயே வேறு விடுதி உண்டு.