மெரினாவுக்குப் பேர் வச்ச கவர்னர்

மயிலாப்பூர்லயோ தி. நகர்லயோ ஆட்டோ பிடிச்சு "மெரினா போங்கண்ணா"னு சாதாரணமா சொல்றோம். அந்தப் பேரை வச்சவர் ஒரு பிரிட்டிஷ் அரசியல்வாதி: மவுண்ட்ஸ்டூவர்ட் எல்ஃபின்ஸ்டன் கிராண்ட் டஃப்.

1857-லிருந்து 1881 வரைக்கும் அவர் ஸ்காட்லாந்தோட எல்ஜின் பர்க்ஸ் தொகுதிக்கு லிபரல் கட்சி எம்.பி. கிளாட்ஸ்டன் ஆட்சியில முதல்ல இந்தியத் துறைக்கும், அப்புறம் காலனிகள் துறைக்கும் துணை அமைச்சர். ஆனா அந்த 24 வருஷத்துல கேபினட் பதவி மட்டும் வரவே இல்ல. 1881-ல் மெட்ராஸ் கவர்னரா வந்து இறங்கினார்.

இங்க கடற்கரையைச் சீர்படுத்தி, ஜனங்க காத்தாட நடக்கப் பாதை போட்டார். சிசிலித் தீவுல பார்த்த கடலோரம் ஞாபகத்துல இருந்ததால, 1884-ல் அதுக்கு 'மெரினா'னு பேர் வச்சார்.

எனக்கு இந்தக் கதையில முக்கியமாப் படறது, அதே 1884-ல் நடந்த இன்னொரு விஷயம். அது புரியணும்னா ரெண்டு வருஷம் பின்னாடி போகணும்.

1882-ல் சேலத்துல மதக் கலவரம். அதைத் தூண்டினார்னு நகராட்சி உறுப்பினர் விஜயராகவாச்சாரியார் மேல வழக்கு. 10 வருஷம் நாடுகடத்தல் தண்டனை. மேல்முறையீட்டுல ஹைகோர்ட் அவரை விடுதலை பண்ணுச்சு. திருவல்லிக்கேணி இளைஞர்கள் 1878-ல் ஆரம்பிச்ச 'தி ஹிந்து', இந்த விவகாரத்துல கவர்னரோட அரசாங்கத்தை விடாம விமர்சனம் பண்ணுச்சு. அதை ஆரம்பிச்சப்போ ஜி. சுப்பிரமணிய ஐயருக்கு வயசு 23தான்.

மனு கொடுக்க, கேள்வி கேட்க ஒரு அமைப்பு வேணும்னு அவரும் வீரராகவாச்சாரியாரும் அனந்தாச்சார்லுவும் சேர்ந்து, 1884 மே மாசம் மெட்ராஸ் மகாஜன சபையைத் தொடங்கினாங்க. அடுத்த வருஷமே பம்பாயில காங்கிரஸ் பிறந்தது. அன்னைக்குத் தண்டனை வாங்கின விஜயராகவாச்சாரியார், 1920 நாக்பூர் காங்கிரஸுக்குத் தலைவர்!

கிராண்ட் டஃப் 1886-ல் கவர்னர் பதவியை விட்டார்; இந்திய ஆட்சியை நியாயப்படுத்திக் கட்டுரையும் எழுதினார். தாதாபாய் நவ்ரோஜி 1887-ல் அதே பத்திரிகையில, இந்தியாவோட வறுமைக் கணக்கைக் காட்டிப் பதில் கொடுத்தார். 1892-ல் அந்த நவ்ரோஜியே லிபரல் கட்சி எம்.பி. ஆனார்.

ஒரு அரசியல்வாதி விட்டுட்டுப் போறது எதுன்னு அவரால முடிவு பண்ண முடியாதுன்னுதான் எனக்குத் தோணுது. கிராண்ட் டஃப் உலாவுறதுக்காகப் போட்ட பாதைக்குப் பக்கத்து மணல்லதான், 2017 ஜனவரியில ஜல்லிக்கட்டுக்காக நம்ம பசங்க ராத்திரி பகலா உட்கார்ந்தாங்க. பேர் அவர் வச்சது; அந்த இடத்துக்கு அர்த்தம் கொடுத்தது அவங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.