பாதுகாப்பில்லாத தேர்வுகளின் விலை: 2013 புரூக்ளின்–பாஸ்டன் பரிமாற்றத்துக்கு ஒரு மாற்று முன்மொழிவு

2013 ஜூனில், என்.பி.ஏ. டிராஃப்ட் நடந்த இரவில், புரூக்ளின் நெட்ஸும் பாஸ்டன் செல்டிக்ஸும் ஒரு வீரர் பரிமாற்றத்துக்கு உடன்பட்டன. கெவின் கார்னெட், பால் பியர்ஸ், ஜேசன் டெர்ரி ஆகியோர் புரூக்ளினுக்குச் சென்றனர். ஜெரால்ட் வாலஸ் உள்ளிட்ட சில வீரர்களோடு 2014, 2016, 2018ஆம் ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளும் 2017இல் தேர்வுகளை இடம்மாற்றிக்கொள்ளும் உரிமையும் பாஸ்டனுக்குக் கிடைத்தன. 2016இன் தேர்வு 3ஆம் இடத்தில் அமைந்தது. பாஸ்டன் ஜெய்லன் பிரவுனை எடுத்தது. 2017இல் கைக்கு வந்த முதலிடத்தை பிலடெல்பியாவுக்குக் கொடுத்துவிட்டு, 3ஆம் இடத்தில் ஜேசன் டேட்டமைச் சேர்த்துக்கொண்டது. இந்த இருவரையும் கொண்டே 2024இல் பாஸ்டன் பட்டம் வென்றது.

வயதான வீரர்களை வாங்கியதுதான் புரூக்ளினின் தவறு என்பது பரவலான தீர்ப்பு. அதை நான் ஏற்கவில்லை. அப்போதைய உரிமையாளர் மிக்கைல் புரொகோரோவ் பட்டத்துக்காகச் செலவிடத் துணிந்தவர்; 2013–14 பருவத்துக்கு மட்டும் அவர் கட்டிய ஆடம்பர வரி 9 கோடி டாலரைத் தாண்டியது. அந்த இலக்குக்கு கார்னெட்டும் பியர்ஸும் பொருத்தமானவர்களே. பிழை விலையில் இருந்தது. கொடுத்த தேர்வுகளில் ஒன்றுக்குக்கூட, மேலிடத்தில் விழுந்தால் கொடுத்த அணியிடமே தங்கும் என்ற பாதுகாப்பு நிபந்தனை இல்லை.

பின்விளைவை வைத்து இதைச் சொல்லவில்லை. 2013இல் தெரிந்திருந்தவையே போதும். கார்னெட்டுக்கு வயது 37, பியர்ஸுக்கு 35. அதற்கு முந்தைய ஆண்டுதான், இந்தப் பரிமாற்றத்தைச் செய்த அதே பொது மேலாளர் பில்லி கிங், அதே வாலஸைப் பெறுவதற்காக போர்ட்லாந்துக்கு ஒரு முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்திருந்தார். அதற்கு முதல் 3 இடங்கள் வரை மட்டுமே பாதுகாப்பு இருந்தது. தேர்வு 6ஆம் இடத்தில் விழ, போர்ட்லாந்து டேமியன் லில்லார்டை எடுத்துக்கொண்டது. நிபந்தனை என்னும் கருவி புரூக்ளினுக்குத் தெரியாததல்ல. அதன் வரம்பு குறுகினால் என்ன ஆகும் என்பதையும் அது பட்டறிந்திருந்தது.

ஆகவே என் முன்மொழிவு இது. வீரர்கள் அப்படியே இருக்கட்டும். 2014இன் தேர்வு நிபந்தனையின்றிப் போகட்டும். 2016இன் தேர்வு முதல் 8 இடங்களுக்குள் வந்தால் புரூக்ளினிடமே தங்கி, கடன் அதே நிபந்தனையோடு 2017க்கு நகரட்டும். அப்போதும் தீராவிட்டால் இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளோடு கணக்கு முடியட்டும். இடம்மாற்று உரிமை கிடையாது. 2018இன் தேர்வையும் சேர்க்க முடியாது. அடுத்தடுத்த இரு எதிர்கால ஆண்டுகளில் முதல் சுற்றுத் தேர்வே இல்லாத நிலைக்கு ஓர் அணி போகக் கூடாது என்கிறது ஸ்டெபியன் விதி. கடன் 2017க்கு நகரக்கூடும் என்றால் 2018ஐ உறுதியாகத் தர வழியில்லை. உண்மையான ஒப்பந்தமோ இந்த விதியின் எழுத்தை மட்டும் காத்தது: இடம்மாற்றினாலும் கையில் ஏதோ ஒரு தேர்வு மிஞ்சுகிறதல்லவா! அணியைக் காக்க எழுதிய விதி அங்கே காக்கவில்லை. இடம்மாற்று உரிமையையும் அது கணக்கில் கொள்ள வேண்டும்.

பாஸ்டன் இதற்குச் சம்மதித்திருக்குமா? எடைபோட வேண்டிய மறுப்பு இதுதான். வாலஸின் ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் வீதம், மீதமிருந்தன. அந்தச் சுமையை ஏற்றதற்கான கூலியும் தேர்வுகளில் அடங்கியிருந்தது. ஆனால் பாஸ்டனின் நிர்வாகத் தலைவர் டேனி ஐன்ஜின் கையும் கட்டப்பட்டிருந்தது. கார்னெட்டின் இசைவில்லாமல் அவரை அனுப்ப முடியாது. அவரையும் பயிற்சியாளர் டாக் ரிவர்ஸையும் கிளிப்பர்ஸுக்குச் சேர்த்தனுப்பும் பேச்சை லீக் தடுத்துவிட, ரிவர்ஸ் மட்டும் தனியே போனார். விற்பவருக்குப் போக்கிடம் குறைந்த சந்தையில் வாங்குபவர் பேரம் பேசியிருக்கலாம்.

இன்னொரு மறுப்பும் உண்டு. தேர்வுகள் பாதுகாக்கப்பட்டிருந்தால் புரூக்ளினுக்கு வேண்டுமென்றே தோற்கும் ஆசை வந்திருக்கும். தேர்வே இல்லாததால்தான் 2016க்குப் பின் புதிய பொது மேலாளர் ஷான் மார்க்ஸ் ஒழுங்காக அணியைக் கட்டினார் என்பார்கள். 2018–19இல் 42 வெற்றிகள் வந்தது உண்மை. ஆனால் அதற்கு வழிசெய்த டி'ஏஞ்சலோ ரஸ்ஸலைப் பெற, புரூக் லோபஸையும் ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் கொடுத்து, டிமோஃபே மோஸ்கோவின் கனத்த ஒப்பந்தத்தையும் அந்த அணி சுமக்க வேண்டியிருந்தது.