ஆலை, சுகாதார நிலையம், வீடு: கொங்கு நெசவுத் தொழிலாளரும் இதயநோய்த் தடுப்பின் வரலாறும் (1955–2024)

முன்னுரை

கோயம்புத்தூர் மாவட்டம் சூலூர் வட்டத்தில் அமைந்த சோமனூர், விசைத்தறியால் பெயர்பெற்ற ஊர். கூலி உடன்பாடுகளில் ‘சோமனூர் ரகம்’, ‘பல்லடம் ரகம்’ எனத் துணிவகைக்கே ஊர்ப்பெயர் வழங்குகிறது. இவ்வூரைப் பற்றிய பேச்சில் கூலி முதலிடம் பெறுகிறது. தறி ஓட்டுபவரின் உடல்நலம் அரிதாகவே இடம்பெறுகிறது. இதயநோய்த் தடுப்பின் வரலாறு பெரும்பாலும் மருந்துகளின் வரலாறாகவோ மருத்துவர்களின் வரலாறாகவோ எழுதப்படுகிறது. இக்கட்டுரை அதனை இடத்தின் வரலாறாக அணுகுகிறது. ஒருவர் எந்த இடத்தில் அரசின் கணக்கில் வருகிறாரோ, அந்த இடத்திலேயே அவருடைய இரத்த அழுத்தம் அளக்கப்படுகிறது என்பது இதன் கருதுகோள்.

இதயநோயும் தொழிலும்

அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகரில் 1948-இல் 5,209 பேரைக் கொண்டு தொடங்கிய நெடுங்கால ஆய்வு, உயர் இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு, புகைபிடித்தல் ஆகியவற்றை இதயநோயின் இடர்க்காரணிகளாக நிறுவியது. தொழிலுக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை முதலில் தெளிவாகக் காட்டியவர்களுள் ஒருவர் ஜெர்ரி மோரிஸ். இலண்டன் மாடிப் பேருந்துகளில் அமர்ந்தே பணிபுரிந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என அவர் 1953-இல் வெளியிட்டார். 52 நாடுகளில் நிகழ்ந்து 2004-இல் வெளிவந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு, முதல் மாரடைப்புக்கான இடரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை அளந்தறியத்தக்க ஒன்பது காரணிகளால் விளக்க முடியும் என்றது. தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு நேரும் இடைநிலை வயது 53. பிற நாட்டினருக்கு 59. சென்னை நகர மக்களிடையே வி. மோகன் குழுவினர் நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வு, இதயத் தமனி நோய் 11 விழுக்காட்டினருக்கு இருந்ததைக் காட்டியது. தமிழ்நாட்டில் இந்நோய் உழைக்கும் வயதினரைத் தாக்கும் நோய் என்பதே இவற்றிலிருந்து பெறப்படுவது.

ஆலை: தலைக்கணக்கின் எல்லை

தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் 1948-இல் இயற்றப்பட்டது. 1952 பிப்ரவரி 24-இல் கான்பூரிலும் தில்லியிலும் நடைமுறைக்கு வந்த இத்திட்டம், தமிழகத்தில் முதன்முதலாக 1955 சனவரி 23-இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பெற்றது. பஞ்சாலைகள் செறிந்த நகரம் தேர்வானது இயல்பே. முதலாளியும் தொழிலாளியும் செலுத்தும் பங்குத்தொகையால் மருத்துவம் ஓர் உரிமையாயிற்று. எனினும் இது நோயுற்றவருக்கான ஏற்பாடு. அறிகுறியற்ற உயர் இரத்த அழுத்தத்தைத் தேடிக் கண்டறியும் நோக்கம் அன்றைய மருத்துவச் சிந்தனையிலேயே வேரூன்றியிருக்கவில்லை.

இவ்வுரிமையின் வாயிலில் ஒரு தலைக்கணக்கு இருந்தது. மின்விசையால் இயங்கும் ஆலையில் குறைந்தது 20 பேர் பணிபுரிய வேண்டும். 1989-ஆம் ஆண்டுத் திருத்தம் இதனை 10 ஆகக் குறைத்தது. ஆனால் சோமனூர் வட்டாரத்தின் நெசவு வேறு வடிவம் கொண்டது. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடைநூலும் தருகிறார். தறி உரிமையாளர் நெய்து கொடுத்துக் கூலி பெறுகிறார். ஒருவரே பல தறிகளைக் கவனிக்கிறார். உரிமையாளரும் குடும்பத்தாருமே தறி ஓட்டும் கூடங்களும் பல. நூற்றுக்கணக்கானோரை ஒரே கூரையின்கீழ்க் கொண்டிருந்த ஆலைக்கென வகுத்த சட்டத்துக்கு, சிதறிக் கிடக்கும் இச்சிறு கூடங்கள் புலப்படவில்லை.

சுகாதார நிலையம்: வந்தவருக்கு மட்டும்

தடுப்பு நோக்கிய மாற்றம் உலக வங்கி உதவியுடன் 2005-இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தால் நிகழ்ந்தது. இதன் முன்னோடி முயற்சியாக விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் இதய இரத்தநாள நோய்த் தடுப்பு மேற்கொள்ளப்பட்டது. 2012 முதல் இது மாநிலம் முழுதும் விரிந்தது. அரசு மருத்துவ நிலையங்களுக்கு எந்தக் காரணத்துக்காக வந்தாலும், 30 வயது கடந்தவருக்கு இரத்த அழுத்தம் பார்க்கப்பட்டது. 1994-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மொத்தக் கொள்முதல், மாத்திரைகளை இலவசமாகத் தர வழிசெய்தது.

ஆலைவாயில் தலைக்கணக்கு கேட்டது. சுகாதார நிலையம் வருகையைக் கேட்டது. பகற்பணியில் இருப்பவர் வெளிநோயாளர் நேரத்தில் வர இயலாது. வந்தால் அன்றைய கூலி போகும். 2020-இல் மாநில அளவில் நடந்த தொற்றாநோய்க் கணக்கெடுப்பின்படி உயர் இரத்த அழுத்தம் உடையோர் 33.9 விழுக்காடு, அவர்களுள் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர் 7.3 விழுக்காட்டினரே. மருந்து இருந்தது, அது உரியவரைச் சேரவில்லை.

வீடு: தேடிச்சென்ற மருத்துவம்

2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இத்திசையை மாற்றியது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீடுதோறும் சென்று அழுத்தமும் சர்க்கரையும் அளந்து மாத்திரை வழங்கினார். 2023–24 கணக்கெடுப்பில் கட்டுக்குள் இருந்தோர் விகிதம் 17 விழுக்காடாக உயர்ந்தது. இவ்வுயர்வு முழுவதற்கும் இத்திட்டம் ஒன்றே காரணம் எனக் கூற இயலாது. ஆயினும் இரட்டிப்புக்கும் மிகுந்த இம்மாற்றம் புறக்கணிக்கத்தக்கதன்று. 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் திட்டத்துக்குக் கிடைத்தது. 2023-இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டமோ, மாரடைப்பின் முதல் நேரத்தில் தரவேண்டிய ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் என 14 மாத்திரைகளை ஊரகச் சுகாதார நிலையங்களிலேயே இருப்பில் வைத்தது.

தறிக்கூடம்: விடுபட்ட இடம்

வீடு தேடிச் செல்வது, வீட்டில் இருப்பவரையே சென்றடையும். விசைத்தறிக் கூடங்களில் 12 மணி நேரப் பணிமுறை வழக்கமானது. ஆறு நாள் உழைத்தால் வாரத்துக்கு 72 மணி. உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரம் 35 முதல் 40 மணி உழைப்பவரைவிட, 55 மணியும் அதற்கு மேலும் உழைப்பவருக்குப் பக்கவாத இடர் 35 விழுக்காடும் இதயத் தமனி நோயால் இறக்கும் இடர் 17 விழுக்காடும் மிகுதி. மோரிஸின் நடத்துநரைப் போலத் தறியாளரும் நடந்துகொண்டே உழைப்பவர்தான். ஆனால் இரைச்சல், இரவுப்பணி, நெடுநேரம் ஆகியவற்றை அந்நடை ஈடுசெய்யும் எனக் கொள்வதற்கில்லை.

இங்கே கூலியும் உடல்நலமும் ஒன்றுசேர்கின்றன. 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 விழுக்காடும் பிற ரகங்களுக்கு 20 விழுக்காடும் உயர்வு அறிவிக்கப்பட்டது; அது நடைமுறைக்கு வராத நிலையில் 2022 சனவரியில் கூலிக்கு நெய்யும் விசைத்தறியாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். நெய்த அளவுக்கே கூலி என்னும் அமைப்பில், கூலி தேங்கினால் வருவாயைக் காக்க மிஞ்சும் வழி தறி ஓடும் நேரத்தை நீட்டுவதே. நீளும் நேரம் இதயத்தின்மீது சுமையாகிறது. அவ்வகையில் கூலிப் பேச்சுவார்த்தை, நோய்த்தடுப்பு வரலாற்றுக்கும் ஒரு சான்றாகிறது.

முடிவுரை

1955 முதல் தடுப்புக்குரிய இடம் ஆலையிலிருந்து சுகாதார நிலையத்துக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் நகர்ந்தது. 2024-இல் பணியிடங்களுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நீட்டிக்கப்பட்டது, இவ்வரலாறு மீண்டும் தொழிலிடத்துக்குத் திரும்புவதைக் காட்டுகிறது. அது பெரிய ஆலைகளோடு நின்றுவிட்டால் 1955-இன் எல்லையே மீண்டும் வரையப்படும். ஓர் ஊரின் சிறு கூடங்களை ஒரே பணியிடமாகக் கொள்வதும், பணிமுறை மாறும் வேளையில் பரிசோதனை நடத்துவதும் அவ்வெல்லையைக் கடக்கும் வழிகள். அழுத்தமானியும் மாத்திரையும் விலை மிகுந்தவையல்ல. தறியாளரை எங்கே, எப்போது சந்திப்பது என்பதே இன்னும் தீராத வினா.